அவுட்பாக்ஸில் ஒன்று

ஹெல்வியின் வீட்டுக்குப் போக
விழுந்து கிடக்கும் ஓக் மரத்தைத் தாண்ட வேண்டும்.
ஒரு காலைத் தூக்கி, பையைக் கைமாற்றி,
மறுகாலை இழுத்து.
முதுகெல்லாம் பாசி.
செம்மறிகள் உரசி உரசி ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு.
ஏன் கிடக்கிறதென்று நான் கேட்கவில்லை.
சாரெமா தீவில் பிறருடைய மரத்தைப் பற்றி
யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

பழைய கணினி சமையலறையில்,
உருளைக்கிழங்குச் சாக்குக்குப் பக்கத்தில்.
அதன் விசிறி
மூச்சிரைப்புக்காரர் மாடி ஏறுவதுபோல் ஓடியது.
விசைகளுக்கிடையில் கம்பு மாவு.
“எல்லாம் வேண்டும்” என்றார்.
எல்லாம் என்றால்?
“எல்லாம் என்றால் எல்லாம். குப்பையும்.”

முதலில் ஒரு பிரதி வெளி டிஸ்கில்,
இன்னொன்று என் பையிலிருந்த பென்டிரைவில்.
ஒரே பிரதி என்பது ஒற்றைக் கையுறை மாதிரி,
தொலைந்த பிறகுதான் அருமை தெரியும்.
அப்புறம் மாற்றினேன்.
நீலப் பட்டை நகர்ந்தது:
படகு நேரம் மாறிய அறிவிப்புகள்,
கால்நடை மருத்துவரின் பில்,
கம்பளி வாங்குகிறவரோடு விலைக்காக நடந்த
நான்கு வருடச் சண்டை,
ஓலுவிலிருந்து மகள் அனுப்பிய, தலைப்பே இல்லாத
ஒற்றை வரிகள்.
காபி தந்தார். ரொட்டியின் மேல் உப்பு மீன்.
பட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்,
பால் பொங்குவதற்குக் காத்திருப்பவர்போல.

முடிந்ததும் நான் எண்ணிப் பார்ப்பேன். என் வழக்கம்.
இன்பாக்ஸ் சரி. அனுப்பியவை, ஒன்று கூடுதல்.
அவுட்பாக்ஸ்:
பழையதில் ஒன்று, புதியதில் சுழி.
இணைப்புக் கொடுத்த நொடியில்
புதுக் கணினி ‘உஷ்’ என்றதே,
நான்தான் மீனை மென்றுகொண்டிருந்தேன்.

பதினோரு வருடம் முந்தைய அக்டோபர் தேதி.

*ராய்வோ, புயலில் ஓக் விழுந்துவிட்டது. படம் ஆறு இணைத்திருக்கிறேன்.
என் மோட்டார் ரம்பம் உன்னிடம் இருக்கிறது.
ஞாயிற்றுக்குள் கொண்டு வா.
வராவிட்டால் இனி வரவே வேண்டாம்.*

நின்றபடியே படித்தார்.
பிறகு சாக்கின் மேலேயே உட்கார்ந்தார்.

நான் ஏதோ விளக்கினேன்:
ஆறு படம், பெரிய அளவு,
அன்றைய இணைப்பின் தொண்டையில் சிக்கியிருக்கும்,
அவுட்பாக்ஸைத் திறந்து பார்க்காதது என் தப்பு.
“என் தப்பும்தான்” என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
“அம்மாவைப் புதைத்தபோது
அவன் குழிக்கு அந்தப் பக்கம் நின்றான்.
நான் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
தம்பிதானே, அவனே பேசட்டும் என்று.”

போனவை திரும்பி வருமா என்று கேட்கவில்லை.
வராது என்று நானும் சொல்லவில்லை.
அடாப்டர் வயரைச் சுருட்டினேன், அவிழ்த்தேன்,
மறுபடி சுருட்டினேன்.

நாற்பது நிமிடம்.

*ரம்பம் இங்கேதான். சங்கிலி துருப்பிடித்துவிட்டது,
புதிது வாங்கணும்.
எந்த ஞாயிறு?*

கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.
ஆட்காட்டி விரல் புது விசைப்பலகையின் மேல்
எழுத்தைத் தேடியது,
பாதியில் நின்றது.
“அந்தப் படங்களில் பாசி இருக்காதே” என்றார்.
போனை எடுத்துக்கொண்டு
மேல்கோட்டும் இல்லாமல் முற்றத்துக்குப் போனார்.
ஜன்னல் வழியே பார்த்தேன்,
மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து,
குனிந்து, பின்வாங்கி, ஒரு செம்மறியை விரட்டி,
ஆறு படம். எண்ணினேன்.

அளவைச் சுருக்கி இணைத்துக் கொடுத்தேன்.
நாளை அவரே தட்டட்டும் என்று
வாசலுக்கு வந்துவிட்டேன்.
பில்லில் ஒரு மணி நேரம் மட்டும் போட்டேன்.

ஒரு காலைத் தூக்கி, பையைக் கைமாற்றி.
பளபளத்த இடத்தில் உள்ளங்கை ஊன்றியபோது
இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது,
ஆடு படுத்திருந்த சூடு.