நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல்

லாபிஸ் கடைத்தெருவில்
கொக் வெங் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள்
மூன்று சவுண்ட் கார்டுகள்.
ஒன்று, கணினியின் வயிற்றைத் திறந்து செருகுவது,
பச்சைப் பலகை, தங்க முலாம் பூசிய பற்கள்,
முந்நூற்று எழுபது வெள்ளி.
ஒன்று வெளியே வைப்பது, தீப்பெட்டி அளவு,
யு.எஸ்.பி வாலோடு,
நூற்று இருபத்தொன்பது.
மூன்றாவதற்குப் பெயரே கிடையாது. பதினெட்டு வெள்ளி.
"இது பாகுஸ், பாங்" என்று
மூன்றையுமே காட்டினார்.

மூன்று வாரமாக எனக்கு இதே நினைப்பு.
பாய்லருக்குச் செம்பனை நாரை ஊட்டுகிற நேரம் போக
மிச்ச நேரமெல்லாம் எண்கள்:
இருபத்து நாலு பிட்,
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிலோஹெர்ட்ஸ்,
இசைக்கும் இரைச்சலுக்கும் நடுவே
நூற்றுப் பதினாறு டெசிபல் தூரம்.
பெட்டியின் முதுகில் ஒரு வரைபடம்.
இருபதிலிருந்து இருபதாயிரம் வரை
மேடு பள்ளமில்லாத கோடு,
புதிதாகத் தார் போட்ட சிகாமட் ரோடு மாதிரி.

அதே மாதிரி இன்னொரு படம்
என் சட்டைப் பையில் நாலாக மடிந்து கிடந்தது.

ஆலைக்கு வருஷா வருஷம் வருகிற வேனுக்குள்
காதை மூடி உட்காரவைத்து
"கேட்டா பொத்தானை அமுக்குங்க" என்றாள் மிஸ்ஸி ஹஸ்லினா.
அமுக்கினேன்.
கேட்காதபோதும் அமுக்கினேன், இரண்டு தடவை,
பரீட்சையில் பிள்ளைகள் குருட்டாம்போக்கில் போடுகிற டிக் மாதிரி.
இயந்திரம் ஏமாறவில்லை.
மூவாயிரம் வரை என் கோடும் நேராகத்தான் போகிறது.
நாலாயிரத்தில் சறுக்கி
எட்டாயிரத்தில் தாளின் அடியில் கிடக்கிறது.
பத்தொன்பது வருஷம் நீராவி வால்வுக்குப் பக்கத்தில் நின்றேன்,
கம்பெனி கொடுத்த காதடைப்பானைத்
தலைக்கவசத்தில் அலங்காரமாகத் தூக்கிவிட்டுக்கொண்டு.

பிறகு எதற்கு எனக்கு இருபதாயிரம்?

குறை சொன்னது நானில்லை. இந்திராணி.
நாதஸ்வரம் போகும்போது பின்னால் ஒரு கொசு பாடுகிறதாம்.
மவுஸை நகர்த்தினால் கொசுவும் நகர்கிறதாம்.
ஸ்பீக்கர் வலையில் காதை ஒட்டிப் பார்த்தேன்.
தவில் இருந்தது. ஒத்து இருந்தது.
தாளத்தின் தட்டு இருந்தது,
தட்டுக்குப் பிறகு இழுக்குமே ஒரு மெல்லிய இழை,
அதுவும் இருந்தது.
ஸ்பீக்கர் கொடுத்ததா,
நான் கைக்காசு போட்டு நிரப்பிக்கொண்டதா
என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை மோட்டார் சைக்கிள் கூடையில் கணினி,
பின்னால் இந்திராணி, அவள் மடியில் ஸ்பீக்கர்.
போய்ச் சேர்ந்ததும் மழை.
அஞ்சடியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் அடங்கும்வரை
கொக் வெங் பொறுமையாகத் திருகாணி கழற்றினார்.
அவள் முதுகைக் காட்டி நின்றாள்,
விலை தெரியக் கூடாதென்று.

பதினெட்டு வெள்ளி: "இது கொசு இல்ல, மாடு."
முந்நூற்று எழுபது: "கொசு இருக்கு. தூரத்துல இருக்கு."
கொக் வெங் தங்கப் பற்களைத் துடைத்து
மறுபடி செருகினார். அதே தூரம்தான்.
தீப்பெட்டிக்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.
"இதுல ஒன்னுமே இல்ல."

எனக்கு மூன்றிலுமே ஒன்றுமில்லை.

"ஊதுறவரு மூச்சு இழுக்குறது கேக்குது பாருங்க"
என்று என் முழங்கையைத் தொட்டாள்.
கேட்டதாகத் தலையாட்டினேன்.
வேனுக்குள் அமுக்கிய அதே பொத்தான்.

நூற்று இருபத்தொன்பது. நாலு வெள்ளி குறைத்தார்.
வரைபடம் போட்ட பெட்டி அவர் கடையிலேயே இருக்கிறது,
இன்னும் யாராவது வாங்கலாம்.

திங்கட்கிழமை வால்வைத் திறக்கும் முன்
காதடைப்பானைக் கீழே இறக்கினேன்.
பாய்லர் தூரப் போனது.
உள்ளே
ஒரு கொசு.
தலையை இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன்.
அது நகரவில்லை.