நாற்பத்து மூன்றாம் பக்கம்

திரும்பி வரும் புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பது
என் வேலையில் பாதி.
எல் ஆல்ட்டோவில், டயர்க்கடைக்கு மாடியில்,
ஒற்றையறை நூலகம்.
கிழிசலுக்கு ஐந்து பொலிவியானோ,
பென்சில் கீறலுக்கு இரண்டு.

வெள்ளிக்கிழமை வந்தது சிறுவர் இயற்பியல்.
மஞ்சள் அட்டை, மாட்ரிட்டில் அச்சானது.
நாற்பத்து மூன்றாம் பக்கத்தில்
தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்ற இடத்தில்
நூறின் மேல் ஒரு கோடு.
ஓரத்தில், தாள் குழிய அழுத்தி எழுதிய
எண்பத்தாறு.

எடுத்தவர்: வாரா சோக்கேவாங்கா, வயது பதினொன்று.
ஆளனுப்பினேன்.
வந்தாள், தம்பி இல்லாரியோடு.
அவன் கையில் நசுங்கிய அலுமினியப் பாத்திரம்,
நீதிமன்றத்துக்கு வந்த சாட்சியைப்போல.

"ஆறு தடவை கொதிக்கவைத்தோம்," என்றாள்.
"தளதளவென்று கொதிக்கிறது,
மூடி குதிக்கிறது,
சிவப்புக்கோடு மட்டும் எண்பத்தாறோடு நின்றுவிடுகிறது."

வெப்பமானி பழுதாயிருக்கும் என்றேன்.
அந்தச் சந்தேகம் எனக்கு முன்பே
அவர்களுக்கு வந்திருந்தது.
ஞாயிறன்று ஆலங்கட்டி மழை.
தகரக்கூரையிலிருந்து உருண்டவற்றை வாரி,
குவளையில் போட்டு, உருக விட்டு,
நடுவே வெப்பமானியைச் செருகியிருக்கிறார்கள்.
பூச்சியம். மயிரிழை பிசகாத பூச்சியம்.
"அப்போ தப்பு அதன் மேல் இல்லை.
புத்தகத்தின் மேல்."

இல்லாரி பேசாமல்
புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கித்
தலைப்புப் பக்கத்தின் முதுகைத் திருப்பினான்.
எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை,
ஒன்றையும் விடாமல் படிக்கிற பிள்ளை.
பதிப்புரிமைக்குக் கீழே, எறும்பு வரிசையாக:
அளவுகள் யாவும் கடல் மட்டத்தில்.

மார்ச் மாதம் கடல் தினம் எங்களுக்கு.
கைவிட்டுப்போன கடலுக்காகப்
பள்ளிப் பிள்ளைகள் சீருடையில் அணிவகுக்கும் நாடு இது.
இந்த இரண்டும் அதில் நடந்திருக்கின்றன,
கொடி பிடித்து, மூக்கொழுக.
கடலைப் பார்த்ததில்லை.
நானும்தான்.

"அதனால் கீழே போனோம்," என்றாள்.
எங்கே?
"போகமுடிந்த மட்டும்."

கம்பிவண்டியில், மஞ்சள் தடம், பிறகு பச்சைத் தடம்.
மடியில் பாத்திரம்,
தண்ணீர்ப் புட்டி சட்டைக்குள்,
சாராய அடுப்பு எங்கே ஒளிந்திருந்தது என்று
நான் கேட்கவில்லை.
இர்பாவியில் ஒரு சுவரோரம், காற்றுக்கு மறைப்பாக
இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து,
காவலாளி வந்து விரட்டுவதற்குள்
எண்பத்தொன்பது.

இறங்க இறங்க ஏறுகிறது!
அதைச் சொல்லும்போது
அவள் குரலே படியேறியது.

சட்டைப்பையிலிருந்து கட்டம்போட்ட தாள்.
எங்கள் மேட்டுக்கு ஒரு புள்ளி,
இர்பாவிக்கு ஒரு புள்ளி,
நடுவே அளவுகோலால் இழுத்த கோடு.
தாள் தீர்ந்தும் கோடு தீரவில்லை.
இன்னொரு தாளைக் கோந்தால் ஒட்டி,
கீழே, இன்னும் கீழே,
உயரம் ஒன்றுமில்லாமல் போகிற இடத்தில்
கோடு போய் இடித்தது நூறை.
சரியாக அல்ல. தொண்ணூற்றொன்பதரை.
அரை டிகிரிக்கு இல்லாரி
காவலாளியைக் குற்றம் சொல்கிறான்.

அந்தப் புள்ளிக்கு நீலம் தீட்டியிருந்தார்கள்.
சிறிய அலை ஒன்று. ஒரு மீன்.

விதி விதிதான்.
இரண்டு பொலிவியானோ வாங்கினேன்,
இருபது சென்ட் காசுகளாக, எண்ணி எண்ணி.
ரசீதில் காரணம் எழுத ஓர் இடம் உண்டு.
பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.
பிறகு ரப்பரை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினேன்.

கதவருகே திரும்பிக் கேட்டாள் வாரா:
"அங்கே உருளைக்கிழங்கு
எத்தனை நிமிஷத்தில் வேகும்?"

தெரியாது.
இங்கே, இன்றிரவு,
பிரஷர் குக்கரை ஓரமாய் வைத்துவிட்டுத்
திறந்த பாத்திரத்தில் நாலு கிழங்கு போட்டிருக்கிறேன்.
முப்பத்தெட்டு நிமிஷம் ஆகிறது.
முள்கரண்டி
இன்னும் இறங்கவில்லை.