நிமிடத்துக்கு முப்பத்தெட்டு

எண்ணிவிட்டுத்தான் சொல்கிறேன்.
செல்போனில் விநாடிகளை ஓடவிட்டு
இரண்டாம் ஷிப்டின் டியூப்லைட்டுக்குக் கீழே
குத்தவைத்து உட்கார்ந்து எண்ணினேன்.
பீன்யா, பதினோராம் கிராஸ்.
அலுமினியம் வார்க்கும் இருநூற்றைம்பது டன் மெஷின்
பல் முளைக்கும் பிள்ளை மாதிரி
சிலிண்டர் கழுத்தெல்லாம் வடித்துக்கொண்டிருக்கிறது.

இந்த மாதம் மட்டும்
மரத்தூள் நான்கு மூட்டை.
சீல் மூன்று.

முதலாவது பாலியூரித்தேன்.
இரண்டாவது அதைவிட நல்ல பாலியூரித்தேன்.
மூன்றாவது ஜெர்மனி சரக்கு,
தாலிச்செயின் வாங்குவதுபோல்
மூன்று கையெழுத்துப் போட்டு வாங்கினது.
பத்தொன்பதாம் நாள் கழற்றினேன்.
உதடு பிசுபிசுத்து
விரல் பட்ட இடத்தில் உதிர்ந்தது,
டீயில் தவறிய ரஸ்க்.

"இதைவிட ஒசத்தியா இருக்கா?"
கவுண்டருக்குப் பின்னால் நூர்ஜபீன்,
என்னைவிடப் பத்து வயது சின்னவள்,
பெட்டி எதையும் எடுக்கவில்லை.
"உள்ளே என்ன ஓடுது?"
எண்ணெய்.
"என்ன எண்ணெய்?"
எண்ணெய்தான்.
மருந்துக்கடையில் வந்து
ஒரு மாத்திரை குடுங்க என்பவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அவள் பின்னால் இழுப்பறைகள்.
கறுப்பு, கறுப்பு, அடுத்ததும் கறுப்பு.
ஒன்று டீசலில் கிடந்தாலும் அசையாது.
ஒன்று பிரேக் ஆயிலுக்குப் பிறந்தது,
அதைச் சாதா எண்ணெயில் போட்டால்
விடிவதற்குள் ஊறவைத்த கொண்டைக்கடலை.
பார்வைக்கு இரண்டும் ஒரே வளையம்.

திரும்பி வந்து பேரலைத் தேடினேன்.
தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில்,
குப்பைக்காகத் தலை வெட்டிக் கிடந்தது.
லேபிள் பாதி கிழிந்திருந்தது, மீதி பாதி போதும்.

மார்ச்சில் குழாய் வெடித்திருக்கிறது.
எண்ணெய் பூந்தூறலாய்ப் பறந்து
உருகிய உலோகத்தைத் தொட்டிருக்கிறது.
சித்தலிங்காவின் இடது கை.
அந்த வாரமே முதலாளி ஹஸ்திமல்
தீப்பிடிக்காத திரவத்துக்கு மாறச் சொன்னார்,
கிளைக்காலும் தண்ணீரும் கலந்தது.
பர்ச்சேஸுக்குத் தெரியும்.
அக்கவுண்ட்ஸுக்குத் தெரியும்.
அந்தக் கைக்குத் தெரியும்.
நான் பிரசவ லீவில் இருந்தேன்.
திரும்பி வந்தபோது பூ கொடுத்தார்கள்,
கேக் வெட்டினார்கள்,
இதை யாரும் சொல்லவில்லை.

சூடான தண்ணீர்
பாலியூரித்தேனைப் பின்னல் அவிழ்ப்பதுபோல் அவிழ்க்கும்.
எவ்வளவு விலை கொடுத்தாலும் அவிழ்க்கும்.

நைட்ரைல் போட்டேன்.
நாற்பத்தைந்து ரூபாய்.
அறுபது டிகிரி தாண்டக்கூடாது என்று
கூலரின் தூசியையும் ஊதிக் கழுவினேன்.

ஆனால் அதே நைட்ரைல்தான்
அச்சுக்கு முன்னால் கதவைத் தூக்கும்
காற்று சிலிண்டரில் வெந்துபோயிருந்தது,
நகத்தால் தட்டினால் டக் டக் என்றது.
கதவு மூடும்போதெல்லாம் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு.
அங்கே பழுப்பு நிற வைட்டான், அறுநூற்றுப் பத்து.

பில்லைப் பார்த்து ஹஸ்திமல் கேட்டார்:
"எண்ணெய்க்கு நாற்பத்தைந்து, காற்றுக்கு அறுநூறா?
காற்று சும்மா வர்றது தானேம்மா?"
காற்று சும்மாதான் சார், என்றேன்.
பக்கத்தில் இருக்கும் அனலுக்குத்தான் காசு.

இன்று இரவு மறுபடி எண்ணினேன்.
முதல் நிமிடம் இல்லை.
இரண்டாம் நிமிடம் இல்லை.
ஏழாவதில் ஒன்று,
விழலாமா என்று யோசித்து விழுந்தது.
விழட்டும்.
தண்டில் அந்த மெல்லிய ஈரமும் இல்லாவிட்டால்
உதடு உரசியே கருகும்.
ஐந்தாவது மூட்டை மரத்தூள் பிரிக்கப்படவில்லை,
அதன்மேல் ஷெட்டுப் பூனை தூங்குகிறது.

சாக்பீஸ் எடுத்து டேங்கின்மேல்
எனக்குத் தெரிந்த கன்னடத்தில் பெரிதாக எழுதினேன்:
உள்ளே பாதி தண்ணீர்.
சித்தலிங்கா வந்து படித்தார்.
ஒன்றும் சொல்லாமல்
வழவழப்பாய் ஆறியிருந்த இடது கையால்
ஓர் எழுத்தை அழித்து
சரியாக எழுதினார்.