ஒரு சுற்றுக்கு ஒரு மீட்டர்

நகராட்சி எனக்குக் கொடுத்திருப்பது
ஒரு தொப்பி, ஒரு விசில்,
கைப்பிடி வைத்த ஒற்றைச் சக்கரம்.
தள்ளிக்கொண்டு நடந்தால்
டிக் டிக்கென்று தூரம் சேரும்.

பள்ளிக்கு ஐந்நூறு மீட்டருக்குள்
சூதாட்ட இயந்திரம் கூடாது.
தேவாலயத்துக்கும் மருத்துவமனைக்கும் அப்படியே,
ஏடிஎம்முக்கும், பழைய நகை வாங்கும் கடைக்கும்.
(உத்தரவை எழுதியவர்
கடைசி இரண்டையும்
சொந்த வீட்டில் பார்த்திருக்க வேண்டும்.)

பிப்ரவரி. வால்பியாங்காவில் பனி உருகித்
தெருவெல்லாம் சேறு.
பள்ளி வாசலில் பூஜ்யம் வைத்துக் கிளம்பினேன்.
ரொட்டிக் கடை, நூற்றுப் பத்து.
மூடிக் கிடக்கும் கண்ணாடித் தொழிற்சாலை, முந்நூற்று இரண்டு.
எஜீதியோவின் காபி பார்
நானூற்றுத் தொண்ணூற்றாறு.

"நான்கு மீட்டர்! ஒரு கார் நீளம்கூட இல்லையே, ஃபியொரென்ஸா.
நீ குறுக்கே கடந்துவிட்டாய்.
பிள்ளைகளுக்கு அப்படியா சொல்லிக்கொடுக்கிறோம்?"
அதுவும் நியாயம்தான்.
திரும்பிப் போய், வெள்ளைக் கோடுகள் மேலாகவே
சக்கரத்தை உருட்டி வந்தேன்.
நானூற்றுத் தொண்ணூற்றெட்டு.
வாசலை இடித்து இரண்டு மீட்டர் தள்ளி வைக்கலாமா
என்று எஜீதியோ யோசிப்பது
முகத்தில் தெரிந்தது.

உள்ளே, திரைக்குப் பின்னால் ஆறு இயந்திரங்கள்.
மூன்று மணிக்கு முன் எரியக் கூடாது என்பது
இன்னோர் உத்தரவு.
மணி இரண்டே கால்.
அணைந்த ஒன்றின் முன்னால்
கோட்டைக் கழற்றாமல் ஒரு பெண்,
ஆறிப்போன காபியோடு.

நெல்தா.
பள்ளியில் மணி அடிப்பவள்.
நனைந்த கையுறைகளை ஹீட்டர் மேல்
ஜோடி மாறாமல் காயவைப்பவள்,
என் மகனுடையதையும்.

இயந்திரத்தின் நெற்றியில் உதவி எண்.
கட்டணமில்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை.
கடைசி இரண்டு இலக்கங்களை
லாட்டரிச் சீட்டைப்போல்
யாரோ காசால் சுரண்டியிருந்தார்கள்.
அடியில் தகரம்தான் இருந்தது.

"எத்தனை வந்தது?" என்றாள் திரும்பாமல்.
சொன்னேன்.
"எனக்கு அறுநூற்று எண்பது அடி.
மழையென்றால் அறுநூற்று ஐம்பது."

கொஞ்சம் பொறுத்து,
"விட்டதைப் பிடிக்கத்தான்" என்றாள்.
எதை விட்டாள் என்று கேட்க
என் படிவத்தில் கட்டம் இல்லை.
தூரம், தேதி, கையொப்பம்.
மூன்றடித்தது.
ஆறு முகங்களும் ஒன்றாய் விழித்தன,
செர்ரிப் பழமும் மணியுமாக.

ஏப்ரலில் ஆறும் லாரியில் ஏறின.
அந்த மூலையில் மேசைக் கால்பந்து வந்தது.
எஜீதியோ என் காபிக்கு
பிஸ்கட் வைப்பதை நிறுத்தினான்.

அடுத்த இயந்திரம் மேட்டுச் சாலைப் பெட்ரோல் பங்கில்.
யாரும் அளக்கச் சொல்லவில்லை.
ஞாயிற்றுக்கிழமை, சீருடை இல்லாமல்
சக்கரத்தை எடுத்துக்கொண்டு போனேன்.
மூவாயிரத்து நூற்று நாற்பது.
முழுக்க ஏற்றம். பாலத்தோடு நடைபாதை முடிந்துவிடுகிறது.
பாதி வழியில் ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு பெஞ்சு.

மே மாதம், ரோந்தில், அந்த பெஞ்சில் அவளைப் பார்த்தேன்.
மடியில் கைப்பை, கைப்பை மேல் போன்.
மேலே போகும் பேருந்து வந்து நின்றது.
கதவு திறந்தது. ஓட்டுநர் காத்திருந்தார்.
அவள் தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கதவு மூடியது.
அடுத்தது நாற்பது நிமிடம் கழித்து.
அதற்குள் எழுந்து எந்தப் பக்கம் போனாளோ,
என் ரோந்து வேறு தெருவுக்குத் திரும்பிவிட்டது.

இன்று மேசைக்கு ஒரு மனு வந்திருக்கிறது:
பாலத்துக்கு மேலே உள்ள பெஞ்சை அகற்றலாம்,
காற்று அதிகம்,
அங்கே யாரும் உட்காருவதில்லை.

அந்தக் கடைசி வரியை மட்டும்
அடித்துவிட்டு
மேலே அனுப்பினேன்.