குரங்கெழுத்து

விதின் நகரில், பழைய தபால் நிலையத்துக்கு எதிரே
ஸ்னெஷ்காவின் நகல் கடை.
வினாத்தாள் அடிப்பாள், படகு அட்டவணை அடிப்பாள்,
ஆனால் வாடகை கட்டுவது இறந்தவர்கள்தான்.
இங்கே ஒருவர் போய்விட்டால்
படமும் பெயரும் போட்ட ஒற்றைத் தாளை
வாசல் கதவில், பேருந்து நிறுத்தத்தில்,
லிண்டன் மரத்தில்கூட ஒட்டுவோம்.
நாற்பதாம் நாள் மறுபடி. ஆறு மாதம். வருடம்.
மழை கிழிக்கும்வரை அவர் தெருவில் இருப்பார்.

வெள்ளி மாலை நாலரைக்கு அழைத்தாள்:
"பிரிண்டர் குரங்கெழுத்து கக்குகிறது, வா."

எங்களூரில் அதற்கு அதுதான் பெயர்.
எவ்லோகி ஸ்தாமெனோவ் என்று வரவேண்டிய இடத்தில்
தலைகீழ்க் கேள்விக்குறி, கூரை போட்ட ஏ,
சதுரம், சதுரம், ஒரு பவுண்டு அடையாளம்.
தாளுக்கு ஒரு வரி. மீதியெல்லாம் வெள்ளை.
அடுத்த தாள். அடுத்த தாள்.
செத்தவர் பெயரைக் கெடுக்கக் கூடாது என்பார்கள்.
தரையில் நாற்பது முறை கெடுத்துக் குவித்திருந்தது.

மூலை நாற்காலியில் மனைவி, ஸ்வெதான்கா.
மடியில் ஈரக்குடை. பையில் பசை டப்பா.
நாளைக் காலை பதினொன்றுக்கு அடக்கம்.

முதலில் கேபிளைப் பிடுங்கி, ஊதி, செருகினேன்.
அது வைத்தியமில்லை,
யோசிக்கும்வரை கைக்கு ஒரு வேலை.
வேறு கேபிள். அதே சதுரங்கள்.

கணினியைக் கழற்றிவிட்டு
பச்சைப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.
தன்னைப் பற்றித் தானே ஒரு பக்கம் எழுதியது:
வரிசை எண், அடித்த பக்கங்கள், மிச்சமுள்ள மை.
ஒரு புள்ளி பிசகவில்லை.
ஆக, இதன் மேல் குற்றமில்லை.
உள்ளே எல்லாம் சரி.
வந்து சேரும் பேச்சுதான் வேறு மொழியில் இருக்கிறது.

"அவரும் அப்படித்தான்," என்றாள் நாற்காலியிலிருந்து.
"பக்கவாதம் வந்த பிறகு ஒன்பது நாள்.
சக்கரம் என்பார். செவ்வாய்க்கிழமை என்பார்.
கோபமாக, தெளிவாக."
ஸ்னெஷ்கா கேட்டாள்: "உங்களுக்குப் புரிந்ததா?"
"இல்லை. தண்ணீர் கொடுத்துப் பார்ப்பேன்.
சில சமயம் அது தண்ணீராக இருந்தது."

யாரும் எதுவும் சொல்லவில்லை.
நான் திரையில் தேடினேன்.
புதன் இரவு ஏதோ அப்டேட் வந்து
வேறொரு மாடலின் டிரைவரை உட்கார வைத்திருந்தது,
பக்கத்து வீட்டுச் சாவியால்
நம் கதவைக் குடைவதைப் போல.
அதை நீக்கினேன்.
வரிசையில் பாதி அடித்து நின்ற வேலைகளை அழித்தேன்,
ஒன்று மட்டும் போக மறுத்தது.
பிரிண்டரை அணைத்து முப்பது எண்ணினேன்.
இருபதில் பொறுமை போய்விட்டது, ஆனாலும் எண்ணினேன்.

எவ்லோகி வந்தார்.
தொப்பி, மீசை, பிறந்த ஆண்டு, எல்லாம் கறுப்பாக.
முப்பது தாள், சூடாக.

வழக்கமான பதினைந்து லெவா வாங்கிக்கொண்டேன்.
கதவருகே ஸ்வெதான்கா குனிந்து
தரையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.
மடிக்கவில்லை. மற்றவற்றோடு சேர்த்துவிட்டாள்.

திங்கட்கிழமை ஆற்றங்கரைப் பக்கம் போனேன்.
வாசல் கதவில் மீசையோடு அவர்.
கொல்லையில், அவருடைய கராஜ் கதவின் உட்புறம்,
தெருவில் போகிறவருக்குத் தெரியாத இடத்தில்,
ஒற்றை வரி:
கேள்விக்குறி, கூரை போட்ட ஏ, சதுரம், சதுரம்.
நான்கு மூலையிலும் பசை தாராளம்.