நாலாம் கூடைக் கணக்கு

வாய்க்கால் பாலம் தாண்டினால் மாநகராட்சிப் பூங்கா.
நடைபாதைக்கும் சறுக்கு மரத்துக்கும் நடுவே
ஒன்பது இரும்புக் கம்பம்,
ஒவ்வொன்றிலும் சங்கிலி தொங்க ஒரு கூடை.
பலகை சொல்கிறது:
'தட்டெறி ஆட்டம். தொடக்க நிலை.
அனைத்து வயதினரும் ஆடலாம்.
ஆடு மாடு கட்டக் கூடாது.'

கடைசி வரிக்குக் காரணமான ஆடு
இரண்டாம் கம்பத்தில் கட்டிக் கிடக்கிறது.

நான் மின்வாரியத்தில் ரீடிங் எடுப்பவள்.
வாரம் முழுக்க அடுத்தவர் வீட்டுச் சுவரில்
ஓடின எண்ணைக் குறித்து வருவேன்.
ஞாயிறு காலை மட்டும் என் எண்ணை நானே.
முதல் கூடை ஐம்பது மீட்டர்,
மூன்று வீச்சில் முடியும் என்கிறது பலகை.
எனக்கு ஏழு.
ஜெபக்கனிக்கு ஆறு.
ஐகிரவுண்டில் ராப் பணி முடித்து
வெள்ளைச் செருப்போடு நேரே வருகிறவள்.
ஊசி போடுகிற கை, மணிக்கட்டு மட்டும் அசையும்.
தட்டு தரையோடு தாழப் போய்ப்
புல்லில் சத்தமில்லாமல் படுத்துக்கொள்ளும்.

சுல்தானாவுக்கு மேலப்பாளையத்தில் தையல் கடை.
எறியுமுன் ஒரு கண்ணை மூடி
துணி வெட்டுகிற மாதிரி காற்றில் ஒரு கோடு கிழிப்பாள்.
கோடு நேராகத்தான் போகும்.
தட்டு போகாது.
"சவத்த விடு" என்றபடி அடுத்ததை எடுப்பாள்.

ஆனி பிறந்துவிட்டது.
செங்கோட்டைக் கணவாயில் நுழைந்த மேல்காற்று
சாரலை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு,
வழியில் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு,
புழுதியை மட்டும் எங்களுக்குக் கொண்டுவருகிறது.
சுற்றியதில் கொஞ்சம் யூனிட்டாகி
வீடு வீடாய் என் கையில் எண்ணாக வரும்.
மிச்சக் காற்று முழுக்க நாலாம் கூடையில் நிற்கும்.

போன ஞாயிறு அங்கேதான்
என் ஆரஞ்சுத் தட்டு எழும்பியது.
எழும்பி, நின்று,
ஏதோ மறந்துவிட்டதுபோல் திரும்பி,
என் தலைக்கு மேலாகவே பின்னால் போய்
வாகை உச்சியில் உட்கார்ந்தது.
அங்கே ஏற்கெனவே ஒரு பட்டத்து வால்,
ஒரு இறகுப்பந்து,
யாருடையதோ ஒற்றைச் செருப்பு.
ஜெபக்கனி கல்லெடுத்தாள்.
காவலாளி ஆண்டபெருமாள் ஓடி வந்தார்.
"மரத்துல ஏறக் கூடாதுன்னு பலகை இல்ல தாயி.
ஆனா ஏறாதீய."
முன்னூற்று அறுபது ரூபாய்த் தட்டு.
தாளில் நாலாம் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

அப்புறம் அந்த வாரம்.
பதினோரு இடத்தில் கம்பி அறுந்தது.
ஜெபக்கனிக்குத் தகரம் வெட்டிய மூன்று பேர்.
சுல்தானா கடைப் பெயர்ப்பலகை
எதிர்ச் சந்தில் கிடைத்ததாம், எழுத்து மேலே பார்க்க.

இன்று நாலாம் கூடையை நெருங்கும்போது
சங்கிலிகளுக்கு அடியில் ஆரஞ்சு.
என்னுடையதேதான்.
நடுவில் கொஞ்சம் மண், இரண்டு எறும்பு,
ஓரத்தில் நாய்ப் பல் தடம்.
காற்று இறக்கியிருக்கும், நாய் கவ்வியிருக்கும்,
சரி, கூடைக்குள் போட்டது?
ஆண்டபெருமாள் தெரியாது என்கிறார்.
நடைபயிற்சிக்காரர்கள் நடந்துகொண்டேயிருக்கிறார்கள்.
சறுக்கு மரத்தில் ஒரு சிறுமி
எங்களைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபடுகிறாள்.

"ஒண்ணுன்னு போடுட்டி" என்கிறாள் ஜெபக்கனி.
"எறிஞ்சது ஒருக்க. விழுந்தது கூடையில."
"ஏழு நாள் ஆயிருக்கு, ஏழு போடு" இது சுல்தானா.
பேனா கையில் நிற்கிறது.

பூட்டிய வீட்டுக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு.
கதவு திறக்காவிட்டால்
போன தடவை எண்ணையே போட்டுவிட்டு நடப்போம்.
உள்ளே விளக்கெரிந்ததா, மின்விசிறி ஓடியதா,
அடுத்த முறை தெரியும்.
நாலாம் கூடையில் என் போன தடவை எண் ஒன்பது.

ஒன்பது என்று எழுதுகிறேன்.
எறும்புகளை ஊதிவிட்டுத்
தட்டைத் துடைக்கிறேன் துப்பட்டாவில்.
சுல்தானா அதற்குள் ஐந்தாவதற்கு
ஒரு கண்ணை மூடிவிட்டாள்.