ஆறாவது மணி

பங்குனி. வாடை போய்விட்டது,
கச்சான் இன்னும் வரவில்லை.
இரண்டுக்கும் நடுவில் மண்டபம்
மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது.
வடகடல் கண்ணாடி. தென்கடல் கண்ணாடி.
எங்கள் தொட்டிக் கொட்டகையில்
காற்றுப்பம்பு மட்டும் இருமுகிறது.

நாலாம் தொட்டியில்
பன்னிரண்டு கிலோக் கடல்விரால்.
முதுகுத் தசைக்குள் அரிசி அளவு சில்லு,
சில்லுக்குள் நீளமான எண்.
கூண்டுக்காரர் இன்னாசி அவளை
மகராசி என்கிறார்.

மகராசிக்கு முட்டை முற்றிவிட்டது.
மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சி
நுண்ணோக்கியில் அளந்தேன்:
எழுநூறு மைக்ரான் தாண்டியாயிற்று.
ஆனாலும் விடமாட்டாள்.
தொட்டியில் நீரோட்டம் இல்லை, ஆழம் இல்லை,
ஒதுங்க ஒரு பார் இல்லை.
மூளையின் அடியில் ஒரு சொல்
வாய்வரை வந்து நின்றுவிடுகிறது.

அந்தச் சொல்லைத்தான் நாங்கள்
குளிர்பெட்டியில்
தயிர்ப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.
(தின்பண்டம் வைக்காதீர் என்று ஒட்டியிருக்கிறது.
தயிர் என்னுடையது.)
வெள்ளைத் தூள், சிட்டிகைகூட இல்லை.
பத்து மணி கோத்த சரம்.
உடம்பு செய்கிற சரத்தை உடம்பே
சில நிமிஷத்தில் கடித்துத் துப்பிவிடும்.
அதனால் எங்கோ ஓர் ஆய்வகத்தில் யாரோ
ஆறாவது மணியைக் கழற்றி
இடவலம் மாறிய வேறொன்றைக் கோத்தார்கள்,
கண்ணாடிக்குள் கைவிட்டு எடுத்ததுபோல.
கடைசி மணியை அறுத்தார்கள்.
கடிக்க வரும் பல்லுக்கு அது பிடிபடுவதில்லை.
பொய்ச்சொல்தான்.
மெய்ச்சொல்லைவிட நெடுநேரம் காதில் நிற்கிறது.

உச்சிப்பொழுதில் போட்டோம்.
கிராம்பெண்ணெய் கலந்த நீரில் அவள் தள்ளாட,
ஈரத் துண்டால் கண்ணை மூடிப் பிடித்துக்கொண்டார் இன்னாசி.
கிலோவுக்கு இருபது மைக்ரோகிராம்.
"இந்த மருந்து பேரு என்னம்மா?"
சொன்னேன்.
துண்டை உதறிவிட்டு, சட்டைப்பையிலிருந்து
வியர்வையில் நைந்த சீட்டொன்றை நீட்டினார்.
ராம்நாட் பெரியாஸ்பத்திரி.
மூன்று மாதத்துக்கு ஒன்று.
வேறு கம்பெனி, வேறு மணி,
அதே ஆறாம் இடம்.

"மீனுக்குப் போடுறதத்தான் எனக்கும் போடுறாகளா?"

சொந்தக்காரங்கண்ணே, அதே இல்லை, என்றேன்.
இவள் கதவை ஒரு தடவை தட்டுகிறோம், திறக்கிறது.
உங்கள் கதவை மூன்று மாதம்
விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.
உள்ளே இருப்பவன் சலித்துப்போய்
தாழ்ப்பாள் போட்டுவிடுவான்.
போட்டால்தான் அந்தக் கட்டிக்குச் சோறு போகாது.

அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"ராத்திரி பூரா வேர்த்து ஊத்துது.
எம்பொண்டாட்டிக்கு நாப்பத்தெட்டுல வந்தது மாதிரி.
அவ சிரிக்கிறா."
கொஞ்சம் பொறுத்து,
"விசிறுறதும் அவதான்."

முப்பத்தெட்டு மணி நேரம்.
இரண்டாம் இரவு இரண்டு மணிக்கு
ஆண்கள் இரண்டும் அவள் வயிற்றோரம் முட்டி முட்டித் துரத்த
தண்ணீர் திடீரென்று கனத்தது.
கைவிளக்கை அடித்தால்
மேற்பரப்பெங்கும் சவ்வரிசி,
ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு துளி எண்ணெய்,
ஒவ்வொரு துளியிலும் என் விளக்கு.
நான் கத்தினேன் போலிருக்கிறது.
காவலாளி ஓடிவந்தார்.

வலையால் அள்ளினோம், எண்ணினோம், எழுதினோம்.
கருக்கட்டியது நூற்றுக்கு எண்பத்தொன்று.

இன்னாசி அங்கே இல்லை.
ஐந்தாம் தொட்டிப் பக்கம் நின்றிருந்தார்,
துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு.
அங்கேயும் ஒருத்தி,
அதே எடை, அதே முற்றல்.
சும்மா சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இவளுக்கு?"
வெறும் உப்புநீர் ஊசிண்ணே.
ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமே.

"சொல்லிட்டா போட்டீக?"

பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை.
கவிழ்ந்து கிடந்த வாளியை இழுத்துப் போட்டு
அவளருகே உட்கார்ந்தார்.
தென்கடல் பக்கம் தகரக் கூரையில்
முதல் கச்சான்
ஒரு தடவை தட்டிவிட்டு
நின்றது.